முள்ளம்பன்றி சங்கிலியின் மத்தியான உண்மை

‘டிங்.’

சத்தம்தான் முதலில் வந்தது. இருட்டுக்குள் எங்கேயோ, பாறைக்குக் கீழே, காய்ந்த மண்ணுக்குள்ளிருந்து வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டிங்’. அதற்குப் பின்னால் யாரோ பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். அப்புறம்தான் கிழக்கு வெளுத்து, மரம் மரமாகவும் பாறை பாறையாகவும் தெரிய ஆரம்பித்தது. ஆகவே, ஒரு காட்டில் என்று இனித் தைரியமாகத் தொடங்கலாம்.

ஒரு காட்டில் சங்கிலி என்றொரு முள்ளம்பன்றி, பெண்டாட்டி பேச்சியோடு வளை தோண்டிக் குடியிருந்தான். பல்லைக் கடித்தது அவன்தான். டிங் என்றது அவன் கையிலிருந்த ஃபோன்.

அது மழை பொய்த்த வருஷம். காட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சுனை. முன்னெல்லாம் தாகம் எடுத்த மிருகம் நடந்துபோய்க் குடிக்கும். வழியில் சிங்கம் நின்றால் திரும்பி வரும், அல்லது திரும்பி வராது. நடைமுறை எளிதாகத்தான் இருந்தது. ஆனால் இதில் ஒழுங்கு போதாது என்று ராஜாவின் அலுவலகம் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றிவிட்டது. கரடிமலை உச்சியில் வெயில் பட்டதும் தளம் திறக்கும். முந்தி அமுக்குகிறவருக்கு முந்தின டோக்கன். முதல் டோக்கன்காரருக்குத் தெளிந்த மேல்தண்ணீர். நடுவில் வருகிறவர்களுக்குக் கலங்கல். கடைசியில் வருகிறவர்களுக்குச் சேறு. அதைக் குடிக்க முடியாது, மென்று விழுங்கவேண்டும். சிங்கத்துக்கும் யானைக்கும் டோக்கன் கிடையாதே என்று நீங்கள் இரக்கப்பட வேண்டாம். அவர்கள் முந்தின நாள் சாயங்காலமே குடித்துவிடுவார்கள்.

சங்கிலிக்குப் பெரும்பாலும் சேறுதான் வாய்த்தது. அவன் பொறுத்துக்கொண்டான்; பொறுத்துக்கொள்வது அவன் சுபாவம். பேச்சி அப்படியில்லை. ஒருநாள் பல்லிடுக்கில் சிக்கிய மணலை ஈர்க்கால் குத்தி எடுத்தபடியே சொன்னாள்:

“இன்னொரு மட்டம் இந்தச் சகதிய நான் மெல்லும்படி ஆச்சுன்னா, மலைக்கு அந்தப்பக்கம் எங்க அண்ணன் வளைக்குப் போயிருவேன். அங்க வாசலோட ஓடை ஓடுது.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் சங்கிலி அதை நம்பினான். முள்ளம்பன்றிக் குடும்பத்தில் பிரிவது சுலபம், சேர்வதுதான் கஷ்டம். பக்கத்தில் உட்காருவதற்கே ஒருவர் மாற்றி ஒருவர் யோசித்து, முள்ளைப் படியவிட்டு, மூச்சைப் பிடித்து உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்து பழக்கிக்கொண்ட ஒருத்தி எழுந்து போய்விட்டால், அந்த இடத்தில் வேறு யாரும் பொருந்தமாட்டார்கள்.

தன் விரலில் குறையில்லை, லைனில்தான் குறை என்று சங்கிலி முடிவுக்கு வந்தான். இந்த முடிவுக்கு வராத உயிர் அந்தக் காட்டில் இல்லை.

காட்டில் இரண்டு வகை லைன் இருந்தது. ஒன்று டிஎஸ்எல். பழைய டெலிபோனுக்காகப் போட்ட செம்புக் கம்பி வழியாகவே இன்டர்நெட் வரும். ஆலமரத்தடியில் அதற்கு எக்ஸ்சேஞ்ச். காட்டெருமை பூதத்தான் அதைப் பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொண்டான் என்றால், அதற்கு முதுகைக் காட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கம்பி. ஆலமரத்துக்குப் பக்கத்து வீடென்றால் பதில் வெடுக்கென்று வரும். தள்ளிப் போகப்போகச் சுணக்கம். சங்கிலியின் வளையோ கம்பியின் கடைக்கோடி.

இன்னொன்று கேபிள். டிவி பார்ப்பதற்காகக் குரங்குகள் கிளைக்குக் கிளை தாவி இழுத்துக் கட்டிய தடித்த வயர். அதிலேயே இன்டர்நெட்டையும் ஏற்றிவிட்டார்கள். ஒரு மலைச்சரிவுக்கே ஒரு கேபிள், அதிலிருந்து வீட்டுக்கொரு கிளை. இதற்கு முதலாளி பலவேசம் என்ற கிழட்டுக் கடுவன் குரங்கு. வாடகையைப் பழமாக வாங்கிக்கொள்வான்.

சங்கிலி அவனிடம் போய் விசாரித்தான். பலவேசம் வழக்கமான பாட்டைப் பாடினான்: மின்னல் வேகம், கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் ஒரு முழுப்படம் இறங்கிவிடும், தரையில் கிடக்கும் கம்பிக்கும் மரத்தில் போகும் கேபிளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

“படம் இறங்குறது கெடக்கட்டும் வே,” என்றான் சங்கிலி. “கூப்பிட்ட கொரலுக்கு எம்புட்டு நேரத்துல ஏன்னு கேக்கும், அதச் சொல்லும்.”

பலவேசத்திடம் இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அக்குளைச் சொறிந்தான். சொறிந்து முடித்ததும் மறுபடி படம் இறங்குவதைப் பற்றியே சொன்னான்.

கேள்வி என்னவோ சரியான கேள்விதான். வண்டி எவ்வளவு பாரம் இழுக்கும் என்பது வேறு. கூப்பிட்டால் வண்டிக்காரன் எப்போது திரும்பிப் பார்ப்பான் என்பது வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் லேட்டன்சி என்று பெயர். டோக்கன் எடுக்க மூட்டை மூட்டையாக ஒன்றும் போகவேண்டாம். ஒரு சொல் போய் ஒரு சொல் திரும்பினால் போதும். இமை பாதி இறங்குவதற்குள் முடிகிற விவகாரம். ஆனாலும் அந்தப் பாதி இமைக்குள்தான் தெளிந்த தண்ணீரும் சேறும் பிரிகின்றன. அது எவ்வளவு நீளமான நேரம் என்று கேட்டால், அதற்குள் காத்துக் கிடந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

பாறைக்கு மேலே நரி தங்கப்பழத்தின் குகை. அந்தச் சரிவில் முதன்முதலாகக் கேபிள் வாங்கியவன் அவன். வாங்கியதிலிருந்து நடையே மாறிப்போயிருந்தது. சங்கிலியின் வைஃபையும் நரியின் வைஃபையும் சந்திக்கிற மாதிரி நடுவில் ஒரு தட்டைப் பாறை. ஒரு மத்தியானம் சங்கிலி அங்கே தன் ஃபோனையும் நரியின் ஃபோனையும் பக்கம்பக்கமாக வைத்தான். ஒன்றில் செம்புக் கம்பி, ஒன்றில் கேபிள். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் இரண்டும் ராஜா அலுவலகத்தைக் கூப்பிடும். பதில் வந்ததும் டிங் என்னும்.

கேபிள் டிங் என்றது. செம்பு, ஒரு இருமல் நேரம் யோசித்துவிட்டு, டிங் என்றது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் கேபிள்தான் முந்தியது. எத்தனை தடவை அமுக்கினாலும் அப்படியே.

“நான் அப்பவே சொன்னேன்லா,” என்றான் தங்கப்பழம். அவன் எப்போதும் எதையும் சொன்னதில்லை.

சங்கிலி வாடிய முகத்தோடு இறங்கி வந்தான். கேபிளுக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டியதுதான், பழத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபடி வந்தவன், வளை வாசலில் அப்படியே நின்றான். ஒரு சந்தேகம் தட்டியது. இவ்வளவு வேகமான கேபிளை வைத்திருக்கிற நரிக்கு, தினமும் காலையில் மீசையில் எதற்காகச் சேறு ஒட்டியிருக்கிறது?

மறுநாள் பொழுது விடியும் நேரத்தில் அதே பாறையில் அதே இரண்டு ஃபோனையும் வைத்தான். கரடிமலையில் வெயில் படப்போகிறது. காடு முழுக்க வளை வளையாக, பொந்து பொந்தாக எல்லாரும் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து அமுக்கிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சங்கிலியும் அமுக்கினான். செம்பு, மத்தியானம் போலவே ஒரு இருமல் யோசித்துவிட்டு டிங் என்றது. கேபிளில் வட்டம் சுற்றியது. சுற்றியது. நரி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அப்புறம்தான் அது பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு டிங் போட்டது.

ராஜாவின் தளம் சரியில்லை என்று தங்கப்பழம் திட்டிக்கொண்டே போனான். சங்கிலி போகவில்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செம்புக் கம்பி ஒற்றையடிப் பாதை. சுற்றுத்தான், ஆனால் அதில் அவனைத் தவிர யாரும் நடப்பதில்லை. கேபிள் அடிவாரத்து ஊரின் தேரடி வீதி. சும்மா இருக்கிற நாளில் அதில் புரண்டு விளையாடலாம். தேரோட்டத்தன்று அந்தத் தெருவில் ஒருவன் தன் காலைத் தானே தேடிப் பிடிக்கவேண்டும். சரிவு முழுவதும் தூங்குகிற மத்தியானத்தில் கேபிள் ராஜா. சரிவு முழுவதும் விழித்து அமுக்குகிற விடிகாலையில் அது மாட்டுவண்டி.

அப்படியானால் அவனுக்குப் போட்டி கேபிள்காரர்கள் இல்லை. ஆலமரத்தடியில் குடியிருக்கிற செம்புக்காரர்கள்தான். அதிலும் மிளா மான் உலகம்மாள். அவள் வீட்டுக் கம்பி ஒரு வாலளவு நீளம். தினமும் முதல் டோக்கன் அவளுக்கு. குடித்துவிட்டுத் தாடையைத் துடைக்காமல், தெளிந்த தண்ணீர் சொட்டச் சொட்ட, பேச்சியின் வாசல் வழியாகத்தான் திரும்பிப் போவாள். அவள் வீட்டுக்கு அது வழியே இல்லை.

ஆகவே சங்கிலி ஒரு காரியம் செய்தான். காட்டில் இருக்கிற எல்லாரையும் தட்டைப் பாறைக்கு வரச்சொன்னான். எது உசத்தி, செம்பா கேபிளா என்று எல்லார் கண்ணெதிரிலும் சோதித்துக் காட்டுவதாகச் சொன்னான். வரச்சொன்னது மத்தியானம்.

தூக்கக் கலக்கத்தோடு எல்லாரும் வந்தார்கள். சங்கிலி அமுக்கினான். கேபிள் முந்தியது. யார் வேண்டுமானாலும் வந்து அமுக்கிப் பார்க்கலாம் என்றான். புள்ளிமான் அமுக்கினாள், காட்டுப்பன்றி அமுக்கினான், கேபிள்தான் முந்தியது. உலகம்மாள் தன் வீட்டுக் கம்பியிலேயே பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அத்தனை பேரும் ஆலமரத்தடிக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுக் கேபிளோடு வைத்துப் பார்த்தபோது அங்கேயும் கேபிள்தான் மயிரிழையில் முந்தியது. சங்கிலி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். அதை மத்தியானத்தில் சொன்னான், அவ்வளவுதான்.

உலகம்மாளுக்கு மட்டும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

“இவ்வளவு பேசுதியே, நீ ஏன் இன்னும் கேபிள் வாங்கலை?”

“பழத்துக்கு நான் எங்க போவேன், மைனி,” என்றான் சங்கிலி. இதுவும் உண்மை. முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள அவன் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. அது பிறவியிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

அந்த வாரமே காடு முழுவதும் கேபிளுக்கு மாறியது. பலவேசத்தின் ஆட்கள் ஓய்வில்லாமல் தாவினார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கேபிள் கொடுத்த வீட்டில் பழைய செம்புக் கம்பியை அறுத்து, அதைக் கொண்டே கேபிளைக் கிளையோடு சேர்த்துக் கட்டுவார்கள். கட்டுக்கயிறு மிச்சம்; வீட்டுக்காரர் மனம் மாறித் திரும்பிப் போகவும் வழியில்லை.

அடுத்த விடிகாலையில் அத்தனை ஃபோனிலும் வட்டம் சுற்ற, சங்கிலியின் செம்பு நிதானமாக ஒரு முறை இருமிவிட்டு டிங் என்றது. முதல் டோக்கன்.

சுனையில் அவனும் பேச்சியும் மட்டும் நின்றார்கள். தண்ணீர் அசையவில்லை. பேச்சி குனிந்தவள் குடிக்காமல் அப்படியே இருந்தாள். போன மழைக்குப் பிறகு அவள் தன் முகத்தைப் பார்த்ததில்லை.

“இளைச்சுட்டேன்,” என்றாள்.

பிறகு குடித்தாள். வெகுநேரம் குடித்தாள். இதெப்படி வாய்த்தது என்று வரும்போது கேட்டதற்கு, நம்ம கம்பியோட ராசி என்று சங்கிலி சொல்லிவிட்டான். மறுநாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள்; அவன் மீசைக்குள் சிரித்துக்கொண்டான். இத்தனை நாளும் சேற்றையே தின்றவனுக்கு ஒரு ரகசியம் கிடைத்தால் அதை உடனே பங்குவைக்க மனசு வராது. கொஞ்சநாள் தனியாக வைத்துச் சப்பலாம் என்றுதான் தோன்றும்.

உலகம்மாள் இப்போது சேறு சொட்டும் தாடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த எரிச்சலில் ஒருநாள் பேச்சியின் வாசலில் நின்று, ஊருக்கெல்லாம் கேபிளைப் புகழ்ந்த மகராசன் பெண்டாட்டிக்கு மட்டும் கட்டைக் கம்பியை வைத்திருக்கிறானே, உன்மேல் அவ்வளவுதான் பிரியமா என்று கேட்டுவிட்டுப் போனாள். பேச்சி அன்று பூராவும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே நேரம் பலவேசத்துக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. காட்டையே கேபிளுக்குத் திருப்பிவிட்ட சங்கிலிக்கு ஏதாவது செய்யவேண்டாமா. கிழங்கு தோண்ட சங்கிலி மேட்டுக்குப் போயிருந்த ஒரு பிற்பகல், பலவேசம் ஆட்களோடு வந்து, ஒரு பழம்கூட வேண்டாம் தாயி, ஆயுசுக்கும் இலவசம் என்றான். பேச்சிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சீக்கிரம் கட்டுங்க, அவுக வர்றதுக்குள்ள முடிக்கணும் என்றாள்.

சங்கிலி கிழங்கோடு திரும்பியபோது வளைக்குள் புதுப்பெட்டி ஒன்று நீலமாக மின்னிக்கொண்டிருந்தது. பேச்சி அதற்குப் பக்கத்தில், முள்ளையெல்லாம் படிய வாரிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றாள்.

அவன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். அவனுடைய செம்புக் கம்பி வேங்கைமரக் கிளையில், கேபிளைச் சுற்றி, அழகான முடிச்சாக இருந்தது. பூதத்தானிடம் போய்ச் சொன்னால் மறுபடி இழுத்துக் கொடுப்பான். எழுந்திருக்க வேண்டும், அதற்கு முன் அசைபோட்டு முடிக்க வேண்டும், அதற்கு மழைக்காலம் வந்துவிடும்.

விடிந்தது. வட்டம் சுற்றியது. பேச்சி பெட்டியின் முன்னால் கைகூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தாள். நீலம் மின்னிக்கொண்டே இருந்தது. டோக்கன் வந்தபோது கடைசிக்கு முந்தினதுகூட இல்லை, கடைசி.

சுனையில் காடே நின்றது. எல்லாரும் ராஜாவின் தளத்தைத் திட்டிக்கொண்டு சேற்றை மென்றுகொண்டிருந்தார்கள். உலகம்மாள் நகர்ந்து இடம்விட்டு, வா பேச்சி, நீயும் எங்க ஜாதியாயிட்டியா என்று அன்பாகக் கூப்பிட்டாள். அந்த அன்புதான் பேச்சிக்குத் தாங்கவில்லை. அவள் ஒரு வாய் மென்றாள். துப்பவில்லை, விழுங்கினாள். திரும்பி வந்து வளைக்குள் நுழைந்ததும் கிழங்கில் பாதியைப் பிரித்துத் தன் பக்கமாக ஒதுக்கினாள்.

“நல்லாத்தான் பாத்தேன் பெட்டியை. என் கை பட்டதும் கெட்டுப்போச்சு. நான் கெளம்புதேன்.”

அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதுதான் சங்கிலியை உடைத்தது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். நரியின் மீசையிலிருந்து ஆரம்பித்தான். ஒற்றையடிப் பாதை, தேரடி வீதி, எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்கினால் கேபிள் திணறுவது, செம்பு திணறாதது, அதை அவன் மட்டும் வைத்துக்கொள்வதற்காகக் காட்டையே மத்தியானத்தில் கூட்டி வைத்து உண்மை பேசியது. சொல்லி முடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

பேச்சி ரொம்பநேரம் பதில் சொல்லவில்லை. எந்த லைனிலும் அவ்வளவு சுணக்கத்தை அவன் கண்டதில்லை.

“ஊரையே ஏமாத்தியிருக்கீங்க,” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொல்லல.”

“சொல்லியிருந்தா அந்தக் குரங்க நான் வாசப்படி ஏத்தியிருப்பேனா? அந்த உலகம்மாள இன்னும் நாலு பேருக்கு மத்தியில வச்சு நல்லா ஏமாத்தியிருக்கலாம். உங்களுக்கு எதையுமே முழுசாச் செய்யத் தெரியாது.”

சங்கிலி தலையைத் தூக்கினான். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அது அவன் எதிர்பார்த்த கோபம் இல்லை. ஒரு பந்தியில் இலை போடாமல் விடப்பட்டவர்கள் படுகிற கோபம்.

“சரி, இப்ப நம்மகிட்ட இருக்கிறது கேபிள்,” என்றாள் அவள். “கேபிள்ல கூட்டம் இல்லன்னா அது ஓடுமா?”

“பறக்கும்.”

“அப்ப வீட்டுக்கு ஒருத்தரா மறுபடி கூப்பிடுங்க, மத்தவுக வீட்டுல இருந்து அமுக்கட்டும். ஆலமரத்தடிக்கு. எருமையோட சொந்த ஃபோன் இன்னும் செம்புலதான இருக்கு? அதையும் ஒரு கேபிள் ஃபோனையும் பக்கத்துல வச்சு, அதே சோதனை. ஆனா விடியக்காலம்.”

சங்கிலி யோசித்துப் பார்த்தான். விடிகாலையில் செம்பு முந்தும், கேபிள் வட்டம் சுற்றும், காடே கண்ணால் பார்க்கும். பார்த்துவிட்டு அவ்வளவு பேரும் கேபிளை விட்டுச் செம்புக்கு ஓடுவார்கள். ஒரு பொய்கூடச் சொல்லவேண்டாம்.

“ஆனா பூதத்தான் கம்பி இழுக்கணுமே,” என்றான். “அவன் எந்திரிக்க மழை வந்துருமே.”

“வரட்டும். செம்பு வேணுங்கிறவுக கேபிளை அறுத்துப் போட்டுட்டு வந்துதான் அவன்கிட்ட மனு கொடுக்கணும்னு பொம்பளைகள்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அதுதான் மொறைன்னு சொன்னா நம்புவாளுக. மழை வர்ற வரைக்கும் இந்தக் காட்டுல ஒரு பயகிட்டயும் லைன் இருக்காது. நம்மகிட்ட இருக்கும். மழை வந்துட்டா சுனை ரொம்பிரும், அப்புறம் டோக்கன் எதுக்கு?”

கல்யாணமான இத்தனை காலத்தில் முதல்முறையாக சங்கிலிக்குப் பெண்டாட்டியைக் கண்டு பயம் வந்தது. பயத்தில் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அவள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, வெட்கத்தோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“உங்க அண்ணன் வீட்டுக்கு?” என்று மெதுவாகக் கேட்டான்.

“அங்க ஓடை இருக்கு, என்ன பிரயோசனம்? யாரையும் முந்தவேண்டியதில்ல. சப்புன்னு இருக்கும்.”

ஒதுக்கி வைத்த பாதிக் கிழங்கை மறுபாதியோடு சேர்த்துத் தள்ளினாள். அதில் ஒன்றை எடுத்து முன்னங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, பல்லால் தோல் சீவத் தொடங்கினாள். சங்கிலி எதிரில் உட்கார்ந்து, விழுகிற தோலை ஓரமாகக் கூட்டித் தள்ளினான்.

நீதி: உண்மை ஒன்றுதான். அதைச் சொல்லவேண்டிய நேரத்தை மட்டும் கணவனும் மனைவியும் கலந்து பேசிக் குறித்துக்கொள்ள வேண்டும்.